மூன்றாவது பரிந்துரை

கடிதத்தில் என்னை நடுவர் என்று போட்டிருந்தார்கள்.
போய் இறங்கியபோது
ஈரச் சாக்கு போன்ற யார்க்‌ஷயர் வானத்தின் கீழ்
ஓகிள்ரோய்ட் நீர்த்தேக்கம்
யார் பக்கமும் சேராமல் கிடந்தது.

ஆய்வுப் பொறியாளர் ரோனா பெட்ரி
காற்றில் படபடத்த அறிக்கையை
முழங்கையால் அழுத்திப் பிடித்தபடி படித்தார்:
கலிங்கை நாலு மீட்டர் அகலப்படுத்துக.
கரையின் பின்சரிவில் வேர்விட்ட பதினேழு மரங்களையும் வெட்டுக.
மார்ச் முப்பத்தொன்றுக்குள்.

தூண்டில் சங்கச் செயலர் வில்ஃப் சக்டன்
முப்பது வருடம் பேருந்து ஓட்டியவர்.
எதையும் நிறுத்தம் நிறுத்தமாகச் சொன்னார்:
"நூற்று நாற்பது வருடமாக நிற்கிற கரை.
இந்தம்மா கணக்கில் வருகிற மழை
பத்தாயிரம் வருடத்துக்கு ஒன்று.
எங்கள் வங்கிக் கணக்கில் இருப்பது
ஆறாயிரத்து இருநூறு பவுண்டு."

"பத்தாயிரத்தில் ஒன்று என்றால்
பத்தாயிரமாவது வருடம் என்று பொருளில்லை.
வருகிற செவ்வாய்க்கும் அதில் பங்கு உண்டு"
என்றார் ரோனா.

கரைக்குக் கீழே
அறுபத்திரண்டு புகைபோக்கிகள், ஒரு சலவைக்கடை,
சுவரில் மஞ்சள் வாத்து வரைந்த மழலையர் பள்ளி.
எண்ணுவது என் வேலையில்லை.
எண்ணினேன்.

அடிவாரத்தில் கசிவை அளக்கும் தகடு.
அதன் முக்கோண வெட்டு வழியே
விரல் தடிமனில் நீர் இறங்கிக்கொண்டிருந்தது.
தெளிவு என்றார் அவர்.
கலங்கல் என்றார் இவர்.
ஒரு ஜாம் பாட்டிலில் பிடித்து
காரின் முன்மூடிமேல் வைத்துக் காத்திருந்தோம்.
வில்ஃப் கொண்டுவந்த முட்டை ரொட்டியை
மூன்று பேரும் ஒன்றும் பேசாமல் தின்றோம்.
ஒரு மணி நேரம் கழித்து
பாட்டிலின் அடியில் ஒரு சிட்டிகை மண்.
"பார்த்தீர்களா?"
இருவரும் ஒரே நேரத்தில் சொன்னார்கள்.

கிளம்பும் முன், ஒரு வழக்கத்துக்காக,
அடிமதகைத் திறந்து காட்டச் சொன்னேன்.

வில்ஃப் பதிவேட்டை முதலில் நீட்டினார்.
ஆறு மாதத்துக்கு ஒருமுறை
ஒரே கையெழுத்தில்: இயக்கினேன், சரி.
இயக்கினேன், சரி.
பிறகு சக்கரத்தைப் பிடித்தார்.
அது கால் சுற்று வந்து
கிழக்குதிரை போல் ஒரு முனகல் முனகி
நின்றுவிட்டது.
ரோனா பையைக் கீழே வைத்து எதிர்ப்பக்கம் தொங்கினார்.
நானும் போனேன்.
துரு மூன்று பேர் உள்ளங்கையிலும் ஒட்டியது,
மதகு அசையவில்லை.

"தோள் போய் நாலு வருடமாச்சு,"
என்றார் வில்ஃப், தன் பூட்ஸைப் பார்த்து.
"சங்கத்தில் எல்லோரும் என்னைவிட வயசானவர்கள்."

ரோனா அப்போதே ஜெயித்திருக்கலாம்.
ஆனால் தன் அறிக்கையின் ஒன்பதாம் பக்கத்தைத் திருப்பி
என் முன் நீட்டினார்.
அடிமதகு: இயங்குகிறது.
"அன்றைக்கு மழை பிடித்துக்கொண்டது.
பதிவேட்டைப் பார்த்து எழுதிவிட்டேன்."

காருக்குள் உட்கார்ந்து தீர்ப்பை எழுதினேன்.
கலிங்கு: பொறியாளர் சொன்ன அகலமே.
காலக்கெடு: அக்டோபர்வரை.
மரங்கள்: பதினொன்று விழும்,
கரைக்கு வெளியே நிற்கும் ஆறு நிற்கும்.
மூன்றாவதாக, யாரும் கேட்காதது:
மதகு பழுது முதலில்.
அதுவரை நீர்மட்டம் ஒன்றரை மீட்டர் கீழே,
வெள்ளிக்கிழமை முதல்,
வாடகைப் பம்பு வைத்தாவது.

"மீன்?" என்றார் வில்ஃப்.
"பம்பு இறக்கப் பாதையே கிடையாது" என்றார் ரோனா.
அன்று முதல்முறையாக
இருவரும் ஒரே தரப்பு.
தூறல் தொடங்கியிருந்தது.
ஒரே குடையின் கீழ்
என்னைத் திட்டிக்கொண்டே
வாகன நிறுத்தம்வரை நடந்து போனார்கள்.

கீழூரில் சிவப்பு விளக்கு.
பக்கத்தில் மஞ்சள் வாத்துச் சுவர்.
பள்ளி விடும் நேரம், மழைக்கோட்டுகள் ஒவ்வொன்றாய்
சாலையைக் கடந்தன.
ஜாம் பாட்டில் என்னோடு வந்திருந்தது.
மேட்டுச் சாலை குலுக்கிய குலுக்கலில்
அந்த ஒரு சிட்டிகை மண்
தண்ணீர் முழுக்கப் பரவியிருந்தது.
விளக்கு மாறியும்
கொஞ்ச நேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தேன்.
பின்னால் யாரோ ஹாரன் அடித்தார்கள்.